தெரிந்தும் ஏன் செய்வதில்லை?



மனிதனுக்கு அறிவைப் புகட்டிவிட்டால் போதும், அவன் தானே திருந்திவிடுவான் என்று எண்ணுவோர் பலர். அறிவு பெற்றவர்களைச் சற்று உற்று நோக்கினால் அந்த எண்ணம் நிலைப்பதில்லை. புகையிலை புற்றுநோயைத் தரும் என்பதைச் சிகரெட்டுப் பெட்டியின் மேலேயே படத்துடன் அச்சிட்டிருக்கிறார்கள். அந்தப் படத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டே பெட்டியைத் திறப்பவரை நாம் கண்டிருக்கிறோம். சர்க்கரை நோய்க்கு மருந்துண்ணும் பெரியவர், கலியாணப் பந்தியில் பாயசம் வரும்போது, "இன்றைக்கு ஒரு நாள்தானே" என்கிறார். நாள்தோறும் நடக்கவேண்டும் என்று மருத்துவர் சொன்ன மறுநாளே வாங்கிய புதுச் செருப்பு, வாங்கிய கோலத்திலேயே வாசலில் கிடக்கிறது.

இவர்களுள் எவரும் அறியாதவர் அல்லர், அறிந்தும் செய்யாதவர். அறிவுக்கும் செயலுக்கும் இடையே கிடக்கும் இந்தப் பள்ளத்தைப் பற்றி ஆன்றோர் நெடுங்காலமாகச் சிந்தித்து வந்துள்ளனர். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் புனித சின்னப்பர் இதனைத் தம் உள்ளத்தின் போராட்டமாகவே எடுத்துரைக்கிறார். அரிஸ்டாட்டிலைப் பின்பற்றிப் புனித தோமையார் 'பழக்கம்' என்பதைப் பற்றிச் செய்துள்ள நுட்பமான ஆராய்ச்சியைக் குருமடத்தில் நாமும் பயின்றோம். ஆனால், இதே பள்ளத்தை அளவுகோல் கொண்டு அளந்து, எவ்விடத்தில் பாலம் அமைக்கலாம் என்று தேடுவதையே தம் தொழிலாகக் கொண்ட ஒரு கூட்டத்தார் பல்கலைக்கழகங்களிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் உழைத்து வருகின்றனர் என்பதை நம் குடும்பங்களில் பலர் அறியார். உடல்நலம் பற்றிய மனித நடத்தையையும், அது மாறும் வழியையும் ஆராய்வது அவர்கள் பணி. அந்தப் பணியைப் பற்றி விசாரித்து அறியும் கடமை சென்ற ஆண்டு நமக்கு நேர்ந்தது.

நமது பங்கைச் சேர்ந்த ஒரு தம்பதியர் ஒருநாள் மாலை தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தனர். மகள் உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள். வங்கித் தேர்வு எழுதவேண்டும் என்பது பெற்றோரின் ஆசை. உடல்நல நடத்தை பற்றிய ஆராய்ச்சியில் சேரவேண்டும் என்பது மகளின் ஆசை. தந்தை முப்பது ஆண்டுகள் ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். அவர் மனம் வெதும்பிச் சொன்னார்: "சாமி, டாக்டருக்குப் படித்தால் புரிகிறது. நர்சுக்குப் படித்தாலும் புரிகிறது. சனங்கள் ஏன் மாத்திரை சாப்பிடுவதில்லை என்று கண்டுபிடிக்க ஒரு படிப்பா? சோம்பேறித்தனம்தான் என்று நானே சொல்லிவிடுவேனே!"

அதுவரை தலை குனிந்திருந்த மகள் மெல்லச் சொன்னாள்: "அப்பா, முப்பது வருடத்தில் ஒரு ஷிப்ட்டுக்குக்கூட நீங்கள் பிந்திப் போனதில்லை. ஆனால் இரத்தக்கொதிப்பு மாத்திரையை வாரத்தில் இரண்டு நாளாவது மறந்துவிடுகிறீர்கள். நீங்கள் சோம்பேறியா?"

தந்தை வாயடைத்துப் போனார். தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அந்தப் பெண் கேட்ட கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. நாம் அவர்களிடம் ஒரு மாதத் தவணை கேட்டோம். அவளிடமே கட்டுரைகளை வாங்கிப் படித்தோம்; விளங்காத இடங்களில் அவளையே விளக்கச் செய்தோம். அவ்வாறு அறிந்தவற்றுள் சிலவற்றை இங்கே எடுத்துரைக்கிறோம்.

வீதிக்கு வந்த வண்டி

1950-களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையினர், காசநோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் பொருட்டு, எக்ஸ்-ரே கருவி பொருத்திய வண்டிகளை மக்கள் வாழும் வீதிகளுக்கே அனுப்பினர். கட்டணம் இல்லை; தொலைவும் இல்லை. ஆயினும் பலர் வரவில்லை. காரணம் யாது என்று அறிய உளவியலார் சிலர் அமர்த்தப்பட்டனர். அவர்களுள் ஒருவரான காட்ஃப்ரி ஹாக்பாம் என்பவர் 1958-ல் தம் முடிவுகளை வெளியிட்டார். இந்நோய் தமக்கும் வரக்கூடும் என்பதையும், முன்கூட்டிக் கண்டறிவதால் பயன் உண்டு என்பதையும் ஒருங்கே நம்பியவர்களுள் நூற்றுக்கு 82 பேர் தாமாகவே ஒரு முறையேனும் படம் எடுத்துக்கொண்டிருந்தனர். இரண்டையுமே நம்பாதவர்களுள் அவ்வாறு செய்தவர் நூற்றுக்கு 21 பேரே.

நம்பிக்கைக்கு எத்துணை வலிமை உண்டு என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. ஆனால் மற்றொரு பக்கத்தையும் நோக்குங்கள். முழுமையாக நம்பியும் வராத 18 பேர் எங்கே நின்றுவிட்டனர்? சிறிதும் நம்பாமலே வந்த 21 பேரை யார் கைப்பிடித்து அழைத்து வந்தார்? நம்பிக்கை ஒன்றே முழு விடையன்று என்பதும் அதே எண்களில் அடங்கியிருக்கிறது.

இந்த எஞ்சிய வினாவுக்கு ஒரு பகுதி விடை 1965-ல் கிடைத்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹவர்ட் லெவெந்தால் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் மாணவர்களுக்கு இரணசன்னி என்னும் டெட்டனஸ் நோயைப் பற்றிய சிறு நூலைக் கொடுத்துத் தடுப்பூசி போட்டுக்கொள்ளும்படி கூறினர். சிலருக்குக் கொடுத்த நூல் மிகுந்த அச்சத்தை ஊட்டுவது. சிலருக்குக் கொடுத்தது அமைதியாக எடுத்துச் சொல்வது. அச்சமூட்டும் நூலைப் படித்தவர்கள், "கட்டாயம் போட்டுக்கொள்வோம்" என்று மிகுதியாகச் சொன்னார்கள். சொன்னார்களே தவிர, ஊசி போட்டுக்கொள்ள வந்தவர்களை எண்ணிப் பார்த்தபோது, அச்சத்தின் அளவால் பெரிய வேறுபாடு காணப்படவில்லை.

வேறுபாட்டை உண்டாக்கியது வேறொன்று. மாணவர்களுள் ஒரு பகுதியினருக்கு மருத்துவ நிலையம் இருக்கும் இடத்தைக் குறித்த வரைபடமும், ஊசி போடும் நேரமும் கொடுத்து, தம் வாரத்தில் எந்த வேளையில் அவ்வழியே செல்லக்கூடும் என்று எண்ணிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். அது கிடைக்காதவர்களுள் ஏறத்தாழ 3 பேரே. அவர்கள் யாவரும் அக்கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்கள். மருத்துவ நிலையம் எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாததன்று. இருந்தும், 'செய்யவேண்டும்' என்னும் எண்ணம் 'எப்போது, எங்கே, எவ்வழியே' என்று உருவெடுத்த பிறகுதான் கால் நடந்தது. வரைபடம் மட்டும் பெற்று, நோயைப் பற்றி ஒன்றும் படிக்காதவர்களோ வரவில்லை. ஆகவே காரணமும் வேண்டும், வழியும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைக் கொடாவிட்டால் பயனில்லை.

சென்னை உலகுக்குக் கற்பித்தது

இவையெல்லாம் கடல் கடந்த செய்திகள் என்று ஒதுக்கிவிட வேண்டா. இத்துறையின் வரலாற்றில் நம் சென்னைக்குத் தனி இடம் உண்டு. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை மாநில அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் அதற்குக் கைகொடுத்தன. சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமே அதன் இன்றைய வடிவம்.

அக்காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம் என்பதே வழக்கு. நோயாளிகள் பலர், படுக்கைகள் சில. எனவே ஒரு வினா எழுந்தது: நெருக்கடியான குடிசையில், போதிய உணவும் ஓய்வும் இல்லாத ஏழை, வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமாக முடியுமா? டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் என்பவரின் தலைமையில் 193 நோயாளிகளைக் கொண்டு ஆராய்ந்தனர். யார் வீட்டிலிருப்பது, யார் சானடோரியத்துக்குச் செல்வது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல், திருவுளச்சீட்டுப் போன்ற முறையில் தீர்மானித்தனர். இரு சாராருக்கும் ஓராண்டு ஒரே மருந்து. 1959-ல் வெளிவந்த முடிவு மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்தியது. வீட்டிலிருந்தவர்களும் ஏறத்தாழச் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்தனர். அவர்களுடைய வீட்டாருக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. சானடோரியத்தின் காலம் அத்துடன் முடிவை நோக்கிச் செல்லத் தொடங்கியது.

ஆனால் அந்த மருத்துவர்கள் மகிழ்ந்து நின்றுவிடவில்லை. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மருந்து உண்மையில் வயிற்றுக்குள் செல்கிறதா? அவர்கள் அறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று எஞ்சியிருந்த மருந்துகளை எண்ணினர். சிறுநீரைச் சோதித்துப் பார்த்தனர். மருந்தைத் தவறவிடுவோர் உண்டு என்பதும், யார் தவறவிடுவார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லமுடியாது என்பதும் தெளிவாயின. உடனே அவர்கள் நோயாளியைத் தண்டிக்கவில்லை, சிகிச்சையை மாற்றினர். வாரத்துக்கு இருமுறை நோயாளி நிலையத்துக்கு வந்து கண்ணெதிரே மருந்து பெறும் முறையும் நற்பயன் தரும் என்று 1964-ல் அவர்கள் வெளியிட்டனர். பிற்காலத்தில் 'டாட்ஸ்' என்ற பெயரால் உலகெங்கும் பரவி, 1997 முதல் இந்தியாவின் தேசியத் திட்டத்திலும் இடம்பெற்ற நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு வித்தாக அமைந்தவற்றுள் அதுவும் ஒன்று.

கதை அங்கும் முடியவில்லை. கண்ணெதிரே விழுங்கச் செய்வதையும், நம்பிக் கையில் கொடுத்தனுப்புவதையும் ஒப்பிட்டுப் பல நாடுகளில் நடந்த சோதனைகளை ஒருங்கே தொகுத்துப் பார்த்தவர்கள், குணமடைவோர் தொகையில் பெரிய வேறுபாடு காணவில்லை. கண்காணிப்பு மட்டும் போதாது. நோயாளியின் வாழ்க்கையை அறிந்த துணை வேண்டும் என்பதே நாம் இதிலிருந்து கற்கும் பாடம்.

ஒரு கொத்தனாரின் விடியற்காலை

இந்தப் பாடம் நமக்கு ஏட்டுப்பாடமாக மட்டும் நிற்கவில்லை. நாம் இவற்றைப் படித்துக்கொண்டிருந்த நாள்களில்தான், நமது பங்கில் கொத்தனார் வேலை பார்க்கும் ஒரு குடும்பத் தலைவர் காசநோய்க்கான மருந்தை இரண்டாம் மாதத்திலேயே நிறுத்திவிட்டார் என்று அவர் மனைவி கண்ணீருடன் வந்து சொன்னார். பெயரும் தெருவும் வேண்டா. அவருடைய இசைவைப் பெற்றே இதனை எழுதுகிறோம். இருமல் மீண்டிருந்தது. ஒரே அறையில் மனைவியும், மணவயதுப் பெண்ணும், பள்ளி செல்லும் இரு பையன்களும் உறங்குகின்றனர். பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காத வலிமை பெறும் என்பதைச் சுகாதாரப் பணியாளர் அவருக்குச் சொல்லியிருந்தார். அவரும் அதை நமக்கே ஒப்பித்தார். தெரிந்தவர்தாம் அவரும்.

ஆராய்ச்சிக்குச் செல்ல விரும்பிய பெண்ணிடம் பெயர் சொல்லாமல் இதைக் குறிப்பிட்டோம். அவள் சொன்னாள்: "ஃபாதர், 'ஏன் மாத்திரை சாப்பிடவில்லை' என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் அவர் ஒரு சாக்குச் சொல்லவேண்டியிருக்கும். 'காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்வீர்கள்' என்று கேளுங்கள்."

அவ்வாறே கேட்டோம். நாலரை மணிக்கு எழுகிறார். ஐந்தேகால் பேருந்தைப் பிடித்தால்தான் வேலைக்குப் போய்ச் சேரலாம். மாத்திரை இருப்பதோ தகரப் பெட்டியில், துணிகளுக்கு அடியில். ஏன் அங்கே? பெண்ணுக்கு வரன் பேசி வருகிறார்கள். வந்து போகிறவர் கண்ணில் மாத்திரை அட்டை பட்டுவிடக் கூடாது. விடியற்காலையில் பெட்டியைத் திறந்தால் ஓசைக்குப் பிள்ளைகள் விழித்துக்கொள்வார்கள். இருமல் குறைந்து உடம்பு சற்றுத் தேறியதும், 'இன்று மாலை பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒருநாள் விட்டார், அது இரண்டு நாளாயிற்று, பிறகு நின்றேபோயிற்று. இதில் சோம்பல் எங்கே இருக்கிறது? ஒரு தகப்பனின் அச்சமும், ஒரு பெட்டியின் ஓசையும், ஒரு பேருந்தின் நேரமும்தான் இருக்கின்றன.

அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் சளியைச் சோதித்து, மீண்டும் சிகிச்சையைத் தொடங்கினார். மாத்திரை எந்த வேளையில் கொள்ளத்தக்கது என்பதைப் பணியாளரிடம் கேட்டறிந்த பின், அதற்கு ஓர் இடமும் ஒரு நேரமும் கணவனும் மனைவியுமே தீர்மானித்தனர். அடுப்பங்கரையில் தேயிலை டப்பாவுக்குப் பின்னால் ஒரு சிறு டப்பா. தேநீருக்கு நீரை அடுப்பில் வைத்தவுடன் மாத்திரை. நீர் கொதிக்குமுன் அது முடிந்துவிடும். விருந்தினர் எவரும் அந்த டப்பாவைத் திறப்பதில்லை. இப்போது ஐந்தாம் மாதம் நடக்கிறது. ஒருநாளும் தவறவில்லை என்று மனைவி சொல்கிறார். சென்ற சோதனையில் சளியில் கிருமி காணப்படவில்லை. சிகிச்சை இன்னும் முடியவில்லை. ஆதலால் நாமும் அவ்வீட்டுக்குச் செல்வதை நிறுத்தவில்லை.

தேநீர் நீரையும் மாத்திரையையும் இணைத்த அந்தத் தம்பதியர், தம்மை அறியாமலே ஆராய்ச்சியாளர் கூறும் வழியைக் கைக்கொண்டனர். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி என்பவர் நடத்தி 2010-ல் வெளியான ஓர் ஆய்வில் 96 பேர் பங்கு கொண்டனர். அன்றாடம் நடக்கும் ஒரு செயலோடு புதிய நற்செயல் ஒன்றை ஒவ்வொருவரும் இணைத்துக்கொண்டு வந்தனர். அது தானே நிகழும் பழக்கமாக வேரூன்ற நடுத்தரமாக 66 நாள்கள் ஆயின. சிலருக்கு 18 நாள்களே போதுமாயிருந்தன; சிலருக்கு 254 நாள்கள் ஆகும் என்று கணக்கிடப்பட்டது. இடையில் ஒருநாள் தவறியதால் பழக்கம் சிதைந்துவிடவில்லை என்பதும் அங்கே காணப்பட்டது. மருந்தை நாம் ஒருநாளும் தவறவிடலாகாது. ஆனால் நடைப்பயிற்சியையோ உணவுக் கட்டுப்பாட்டையோ ஒருநாள் தவறவிட்டு, 'எல்லாம் போயிற்று' என்று கைவிடுவோருக்கு இது பெரும் ஆறுதல்.

அதே கல்லூரியைச் சேர்ந்த சூசன் மிச்சி என்ற பேராசிரியையும் அவருடைய துணைவர்களும் 2011-ல் ஒரு சுருக்கமான விளக்கத்தைத் தந்தனர். எந்த நடத்தைக்கும் மூன்று வேண்டும்: செய்யும் ஆற்றல், செய்வதற்கான வாய்ப்பு, செய்யத் தூண்டும் ஊக்கம். நாம் பிறரைக் குறைகூறும்போது பெரும்பாலும் மூன்றாவதை மட்டுமே நினைக்கிறோம். கொத்தனாருக்கு ஊக்கம் இருந்தது. வாய்ப்புத்தான் தகரப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது.

அந்த வேலை எத்தகையது?

இனிப் பெற்றோரின் வினாவுக்கு வருவோம். இந்த ஆராய்ச்சியில் ஈடுபடுவோர் நாள் முழுதும் செய்வது என்ன? முதலில், பிறர் ஏற்கெனவே கண்டறிந்ததையெல்லாம் தேடிப் படிக்கவேண்டும். பின்பு ஒரு வினாவை வகுத்து, அதை எவ்வாறு சோதிப்பது என்று திட்டம் தீட்டவேண்டும். அத்திட்டத்தை நெறிமுறைக் குழுவின் முன் வைத்து இசைவு பெறவேண்டும். பங்குகொள்வோருக்கு யாவற்றையும் விளக்கிக் கையொப்பம் பெறவேண்டும். அதன் பிறகு வெயிலில் வீடு வீடாக அலைய வேண்டும். கதவு சாத்தப்பட்டால் மறுநாள் மீண்டும் செல்லவேண்டும். மக்கள், உள்ளதைச் சொல்லாமல் கேட்போர் மகிழ்வதைச் சொல்லும் இயல்புடையவர்கள். அதனால் சொல்லை மட்டும் நம்பாமல் எடையும் இரத்தமும் நடந்த அடிகளும் அளக்கவேண்டும். இறுதியில் மாதக்கணக்கில் எண்களோடு போராடவேண்டும்.

பலன் கிடைக்கும்போது அது பெரிது. சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், சர்க்கரை நோயின் வாயிலில் நின்ற 531 பேரை ஏறத்தாழ மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களுள் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றிக்கொள்ள இடையறாத வழிகாட்டுதல் பெற்றவர்களுள் அது ஏறத்தாழ 39 பேருக்கே வந்தது. 2013-ல் அதே குழுவினர் மற்றொன்றைக் காட்டினர். தொழிலகங்களில் பணிபுரியும் 537 ஆண்களுள் ஒரு பாதியினருக்குச் செல்பேசி வழியே அடிக்கடி சிறு குறுஞ்செய்திகள் அனுப்பினர். இரண்டாண்டு முடிவில் செய்தி பெற்றவர்களுள் நூற்றுக்கு 18 பேருக்கும், பெறாதவர்களுள் 27 பேருக்கும் நோய் கண்டது. இத்தனை எளிய ஒரு துணை, இத்தனை குடும்பங்களின் சுமையைக் குறைக்கிறது.

பலன் தெளிவாகக் கிடைக்காதபோதும் அதை மறைக்காமல் வெளியிடுவதே இத்தொழிலின் கற்பு. கேரளத்தில் 1,007 பேரைக் கொண்டு, அயலார் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் குழுக்களின் வழியே சர்க்கரை நோயைத் தடுக்க ஒரு முயற்சி நடந்தது. 2018-ல் வெளியான முடிவின்படி, இரண்டாண்டில் குழுவில் இருந்தவர்களுள் நூற்றுக்கு 14.9 பேருக்கும், மற்றவர்களுள் 17.1 பேருக்கும் நோய் வந்தது. வேறுபாடு தென்பட்டது, ஆனால் அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்று கணிதம் கூறியது. ஆராய்ச்சியாளர் அதை அப்படியே எழுதினர். உழைத்த உழைப்பையெல்லாம் எண்ணிப் பார்த்தால், உள்ளதை உள்ளபடி எழுத எத்துணை மனவலிமை வேண்டும்!

ஊதியத்தைப் பற்றியும் பெற்றோரிடம் மறைக்காமல் சொன்னோம். இத்துறையில் இளையோருக்குக் கிடைப்பது பெரும்பாலும் திட்டம் நடக்கும் வரையிலான வேலை. நிதி முடிந்தால் வேலையும் முடியும். புதிய திட்டத்துக்கு மனுப் போடவேண்டும். வங்கி வேலையின் உறுதி இதில் இல்லை. முனைவர் பட்டத்துக்கு ஆண்டுகள் பல செல்லும், அதற்குள் வரன் பார்ப்பவர்கள், "பெண் என்ன வேலை பார்க்கிறாள்?" என்று கேட்டால் ஒரு சொல்லில் விடை சொல்லவும் இயலாது. தாயின் கவலை இதுதான் என்பதை நாம் அறிவோம். அது இழிவான கவலையன்று.

ஆயினும் நாம் அவர்களிடம் கூறியது இதுவே: மருந்தைக் கண்டுபிடிப்பது ஒரு தொண்டு. கண்டுபிடித்த மருந்து, வேண்டியவனுடைய வாயை எட்டும்வரை உடன் செல்வது மற்றொரு தொண்டு. இரண்டாவதைச் செய்வோர் குறைவு. உங்கள் மகளுக்கு அதற்குரிய கண் இருக்கிறது. மனிதரைத் தீர்ப்பிடாமல் கேட்கும் காதும் இருக்கிறது. மூன்றாண்டுகள் பொறுத்துப் பாருங்கள். வங்கித் தேர்வுக்குரிய வயது அதற்குப் பின்னும் மீதமிருக்கிறது.

தந்தை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "சரி சாமி, மூன்று வருடம்" என்றார். மகள் இப்போது ஒரு திட்டத்தில் களப்பணியாளராகச் சேர்ந்திருக்கிறாள். தந்தையின் இரத்தக்கொதிப்பு மாத்திரை, பல் துலக்கும் தூரிகையுடன் ஒரே குவளையில் இருப்பதாகக் கேள்விப்படுகிறோம்.

அன்பர்களே, இதனைப் படிக்கும் குடும்பங்களுக்கு நமது வேண்டுகோள் இரண்டு. முதலாவது: இத்தகைய ஆராய்ச்சிக்காக இளையோர் எவரேனும் உங்கள் வாசலுக்கு வந்தால், அவர் யார், எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று கேட்டறியுங்கள், இசைவுப் படிவத்தை முழுதும் படியுங்கள். பங்குகொள்ள விருப்பமில்லையேல் மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. இசைந்தால், உள்ளதையே சொல்லுங்கள். குடிப்பவர் 'குடிப்பதில்லை' என்றும், நடக்காதவர் 'நடக்கிறேன்' என்றும் சொன்னால், அந்தப் பொய்யின் மேல் நாளைக்கு ஒரு திட்டம் கட்டப்படும். அது நம் பிள்ளைகள் மேல்தான் சரிந்து விழும்.

இரண்டாவது: உங்கள் வீட்டில் தெரிந்தும் செய்யாதவர் ஒருவர் இருப்பார். அவரை இன்று ஒருமுறை வையாதிருங்கள். அவருடைய காலைப்பொழுது எப்படித் தொடங்குகிறது என்று பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். எந்தப் பெட்டியின் ஓசை அவரைத் தடுக்கிறது என்பது ஒருவேளை உங்களுக்குத்தான் முதலில் கேட்கும்.